பகல் பால்

மகனுக்கு நான்காவது மாதம் நடக்கும்போதே நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் ஒப்பந்த நர்ஸ். சம்பளம் இல்லாமல் இன்னும் சில மாதங்கள் வீட்டில் இருந்திருக்கலாம். எண்ணூர் கண்டெய்னர் யார்டில் என் கணவருக்கு அந்த வருடம் ஒரு நாள் வேலை இருந்தால் மறுநாள் இல்லை என்பது ஒரு காரணம். வீட்டுக்குள்ளேயே கிடந்தது எனக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது இன்னொரு காரணம். முதல் காரணத்தை எல்லோரிடமும் சொன்னேன்.

"நீ பாட்டுக்குப் போயிட்டு வாம்மே. புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றார் மாமியார்.

விம்கோ நகரில் எங்கள் வீடு. விடியும்போது மின்சார ரயில் ஏறினால் ராயபுரத்தில் இறங்கி நடந்துபோகிற தூரத்தில் மருத்துவமனை. அங்கே நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருக்கிறேன். குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்தவை, மூச்சு விடத் திணறுபவை என்று எங்களிடம் வரும். சில குழந்தைகளின் கை என் கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. ஊசி போடுவது, குழாயில் பால் ஏற்றுவது, உடல் சூடு குறையாமல் பார்ப்பது எல்லாம் எங்கள் வேலை. இவற்றோடு தினமும் செய்வது ஒன்று உண்டு. காலையில் தாய்மார்களை உட்காரவைத்துப் பேசுவது.

"ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணிகூடக் கொடுக்கக் கூடாது. புட்டிய வீட்டுக்குள்ளயே சேர்க்காதீங்க. வேலைக்குப் போற அம்மாவா இருந்தா பாலைப் பீய்ச்சி எடுத்து வச்சுட்டுப் போங்க. வெளிய வச்சா நாலு மணி நேரம், ஃபிரிட்ஜுல வச்சா ஒரு நாள் தாங்கும்."

வருடக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். திரும்பி வந்த முதல் நாள், "புட்டிய வீட்டுக்குள்ளயே" என்று சொல்லும்போது உள்ளே ஒரு குழந்தை அழுதது. என் மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி தன் துண்டை எடுத்து நீட்டினாள். "உன் புள்ள வூட்ல அயுவுதுபோல, சிஸ்டர்" என்றாள்.

எங்கள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. அதை ஒட்டிய அறையில் பால் எடுக்கும் பம்ப் வைத்திருப்பார்கள். டூட்டி இடைவேளையில் அங்கே போய் எடுத்து, மூடி போட்ட சின்ன டப்பாவில் ஊற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமியார் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னாது இது? காலைல எடுத்ததா? ஐஸ்பொட்டில குந்திகினு ரயில்ல வந்த பாலையா கொயந்தைக்கு ஊத்தச் சொல்ற? கலீஜ்!"

"அத்தை, கெட்டுப்போகாது. நான்தான் எல்லாருக்கும் சொல்லித்தர்றேன்."

"நீ ஊருக்குச் சொல்லு. எம்பேரனுக்கு வேணாம்."

சொல்லிவிட்டு அதைத் தொட்டியில் கொட்டிவிட்டார். எதுவுமே தெரியாத நூறு பெண்களுக்குப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்கிறவள் நான். என் வீட்டில் ஒரே ஒருவருக்கு இன்னொரு தடவை சொல்லவில்லை. அலுப்பு. ரயிலில் நின்றுகொண்டே வந்த கால்வலி. மறுநாளும் கொட்டினார். மூன்றாம் நாள் அவரே கடைக்குப் போய்ப் பால்மாவு டப்பாவும் புட்டியும் வாங்கி வந்து அடுப்படி அலமாரியில் வைத்தார். பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அப்போது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. மழைக்காலத்தில் வங்கிக்குப் பால் கொடுக்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள், காய்ச்சல் வந்து படுத்திருப்பார்கள், தெருவில் தண்ணீர் நிற்கும். ஒரு நாள் எங்கள் டாக்டரம்மா குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஒரு கிலோ இல்லாத குழந்தைங்களுக்கு மட்டும் இதை வச்சுக்கோங்க. அவங்களுக்கு மாவுப்பால் போனா குடல் தாங்காது. வார்டுல அதிகமாப் பால் இருக்கிற அம்மாங்ககிட்ட கேட்டுப் பாருங்க."

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தலைப்பிரசவம். கணவன் விசைப்படகில் போகிறவன். ஏழாம் மாதத்தில் வீட்டிலேயே வலிப்பு வந்து, ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. வலிப்பை நிறுத்த மெக்னீசியம் ஊசி போட்டு, அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோவுக்கும் குறைவு. தாய் தீவிர சிகிச்சையில் இருந்தாள். அந்த மருந்து அளவு மீறிவிடாமல் இருக்க, முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று அவளருகில் ஒரு நர்ஸ் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. அவளிடமிருந்து பாலை எதிர்பார்க்க முடியாது. குழந்தை என் கண்காணிப்பில் இருந்தது.

அன்று இடைவேளையில் நான் பம்ப் அறைக்குப் போனேன். டப்பா நிறைந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். வங்கியில் இருந்த சிஸ்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கர்ப்பத்துல எடுத்த ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு."

"உங்க பாப்பாவுக்குப் போதுமா? பாப்பாவுக்குப் போக மிச்சம் இருந்தாதான் நாங்க வாங்கணும். உங்களுக்கே தெரியும்."

"நிறைய இருக்கு சிஸ்டர்" என்றேன்.

தொட்டியில் கொட்டுவதற்கு இது மேல்தானே என்று முதல் நாள் நினைத்துக்கொண்டேன். அதில் தவறில்லை என்றே இப்போதும் தோன்றுகிறது. ஆனால் நான் நிறுத்தவில்லை. டப்பாவை அந்த மேசையில் வைக்கும்போதெல்லாம் அங்கிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. டாக்டரம்மா ஒரு நாள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வீட்டில் "கலீஜ்" என்று கொட்டப்பட்ட அதே பால், இங்கே சொட்டுச் சொட்டாக அளந்து ஏற்றப்பட்டது. மாமியாரிடம் இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணமே எனக்கு வராமல் போயிற்று. வந்திருந்தால் அந்த மேசைக்குக் கொண்டுபோக ஒன்றும் இருந்திருக்காது.

ஒரு வாரம் கழித்து மாமியாரே கேட்டார். "இன்னாம்மே, இப்பல்லாம் அந்த ஐஸ்பொட்டியக் காணோம்?"

"பகல்ல பால் வர்றதில்ல அத்தை. வேலைக்குப் போனதும் வத்திடுச்சு" என்றேன்.

பேச்சு அதோடு முடியட்டும் என்றுதான் சொன்னேன். முடியவில்லை. அவர் அதை மனதில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் நான் கிளம்பும் முன்பே எழுந்து, மழையில் முக்காடு போட்டுக்கொண்டு, என் கணவரையும் கூட்டிக்கொண்டு காசிமேட்டு மீன் சந்தைக்குப் போய் வந்துவிட்டார். பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குப் பால்சுறாவைப்போல ஒன்றுமில்லை என்பது இந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்தது. பூண்டை அள்ளிப் போட்டுச் சுறாப்புட்டு செய்து, நான் வேலையிலிருந்து வந்ததும் தட்டில் வைத்தார். எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் துன்னு. எம்மவன் பொறந்தப்ப எனக்கும் வத்திச்சு. இதத் துன்னுதான் வந்துச்சு."

சாப்பிட்டேன். நிஜமாகவே பால் கூடியது. கூடியதெல்லாம் வங்கியின் மேசைக்குப் போனது. வாரத்துக்கு இரண்டு முறை அவர் சுறா தேடிப் போனார். படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் கருவாட்டுக்காவது வழி பார்ப்பார். உண்மையை மட்டும் நான் சொல்லவில்லை. சாயந்தரமும் இரவும் என்னிடம் குடிக்கிறானே, குண்டாகத்தானே இருக்கிறான், பகலில் இரண்டு மூன்று வேளை மாவுப்பால் குடித்தால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வார்டில் ஒரு தாய் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

காசிமேட்டுப் பெண் எழுந்து உட்கார்ந்ததும் சக்கர நாற்காலியில் அவளைக் குழந்தையிடம் கூட்டி வந்தார்கள். இருபது வயது இருக்கும். முகம் இன்னும் வீங்கியிருந்தது. குழந்தையை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம், "மாத்திரைய நான்தான் நிறுத்திட்டேன் சிஸ்டர்" என்றாள்.

"எந்த மாத்திரை?"

"பிரசருக்குக் குடுத்தாங்களே, அது. தலவலி போயிடுச்சு, அப்பால இன்னாத்துக்கு மாத்திரைன்னு வுட்டுட்டேன். மாத்திரை துன்னா கொயந்தைக்கு ஆவாதுன்னு வேற சொன்னாங்க. நானே எம்பொண்ண இப்டிப் பண்ணிட்டேன்."

இந்த இடத்தில் நாங்கள் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னேன். ரத்த அழுத்தம் வெளியே தெரியாது, தலைவலி போனால் அது போய்விட்டது என்று அர்த்தமில்லை, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சில சமயம் இப்படி ஆகும், இதில் உன் தப்பு என்று எதுவும் இல்லை, இனிமேல் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தாதே. அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அவளுக்குக் கையால் பால் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் ஒன்றுமே வரவில்லை. இரண்டாம் நாள் மஞ்சளாக நாலைந்து சொட்டு. அதை ஒரு குச்சியில் தொட்டுக் குழந்தையின் வாய்க்குள் தடவினோம். குழந்தை நாக்கைச் சப்பியது. தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், குழந்தைக்குக் குழாய் வழியாகப் பால் இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"இது யாரு பாலு சிஸ்டர்?"

"பால் வங்கியிலேர்ந்து வருது. குழந்தை பெத்த அம்மாங்க குடுக்கறது. எல்லாரோடதையும் ஒண்ணாச் சேர்த்து, காய்ச்சி, டெஸ்ட் பண்ணித்தான் தருவாங்க. பயப்படாதே."

"அத்தக் கேக்கல. அவுங்க கொயந்தைக்கு?"

"மிச்சம் இருக்குறவங்கதான் குடுப்பாங்க."

அவள் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சிஸ்டர், பால்ல மிச்சம்னு ஒண்ணு கீதா? எனக்கு நாலு சொட்டு வரதுக்கே உசுரு போவுது. இன்னொரு புள்ளையோட பங்க எம்பொண்ணு துன்றாளோன்னு பயமா கீது. அந்தப் பாவமும் எந்தலைல வந்து குந்துமோன்னு."

"அப்படியெல்லாம் இல்ல" என்றேன். "அந்தக் குழந்தைங்க எல்லாம் நல்லா இருக்கும்."

நான் அதைச் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் கைப்பேசியில் மாமியார் அழைத்தார். பையனுக்குக் காலையிலிருந்து தண்ணியாகப் போகிறதாம்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பையன் சிரித்தான். காய்ச்சல் இல்லை. மருந்துக் கடையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மருந்தும் வாங்கி வந்து, கரண்டியால் கொடுத்தேன், மடியில் போட்டு அடிக்கடி பால் கொடுத்தேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். புட்டியின் ரப்பரை எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வழவழவென்று இருந்தது.

"இதை எப்படிக் கழுவறீங்க? எத்தனை தடவை கொதிக்க வச்சீங்க?"

வார்டில் பேசுகிற குரல் அது. எனக்கே கேட்டது. மாமியார் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"தெனமும் கொதிக்க வெப்பேம்மா. முந்தாநாள் கேஸு தீந்துபோச்சு. சும்மா சுடுதண்ணில அலசினேன். அது ஒரு நாளுதான்."

"ஒரு நாள் போதும் அத்தை. ஒரு கிருமி போதும்."

அவர் என் கையிலிருந்து புட்டியை வாங்கிக் கொண்டுபோய்த் தேய்க்க ஆரம்பித்தார். விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டேன். முற்பகலில் பையன் சிரிப்பதை நிறுத்தினான். கொடுத்ததையெல்லாம் வாந்தி எடுத்தான். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் மடிப்பு கலைந்தது. இந்த அடையாளங்களை நான் எத்தனையோ பேருக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அன்று அந்தத் தோல் என் விரல்களுக்கு நடுவிலேயே நின்றது. நானும் மாமியாரும் கணவரும் ஆட்டோ பிடித்துக் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே வார்டில் ஒரு இளம் நர்ஸ் அவன் கையில் நரம்பு தேடினாள். கிடைக்கவில்லை. இவனில் கால்பங்கு எடை இருக்கிற குழந்தைகளுக்கு நான் ஊசி ஏற்றுகிறவள். என்னால் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றேன். ஒருவழியாகக் காலில் கிடைத்து, குளுக்கோஸ் இறங்க ஆரம்பித்தது. அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்ன பால் குடுக்கறீங்க?"

"தாய்ப்பால். பகல்ல மட்டும் புட்டி."

"அக்கா, நீங்க நர்ஸுன்னு சொன்னாரு உங்க வீட்டுக்காரர். நாலு மாசக் குழந்தைக்குப் புட்டியா?"

நான் வாயைத் திறக்கும் முன் மாமியார் என் முன்னால் வந்து நின்றார்.

"இவளத் திட்டாதம்மா. இவ மேல ஒண்ணும் தப்பில்ல. பாவம், இவளுக்குப் பகல்ல பாலு வத்திப்போச்சு. நான்தான் புட்டி வாங்கியாந்தேன். நான்தான் ஒயுங்காக் கயுவாம வுட்டுட்டேன். எதுவா இருந்தாலும் என்னக் கேளு."

அந்த நேரம், தினமும் நான் பம்ப் அறைக்குப் போகிற நேரம். எதிர்க் கட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டது. என் உடம்புக்கு யார் அழுகிறார்கள் என்று தெரியாது. புடவைக்கு மேலேயே ஈரம் பரவியது. மாராப்பை இழுத்து மூடுவதற்குள் அந்த நர்ஸ் பார்த்துவிட்டாள். "என்னக்கா, பால் இருக்கே?" என்றாள் ஆச்சரியமாக.

மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். என் மார்பைப் பார்த்தார். பிறகு முகத்தை. அவருடைய முகத்தில் முதலில் வந்தது கோபமல்ல. குழப்பம்தான். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்பதுபோல.

நர்ஸ் போனதும் நான் சொல்லிவிட்டேன். குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டு, வங்கியையும், அந்தச் சின்னப் பெண் குழந்தையையும், வற்றிவிட்டது என்று பொய் சொன்னதையும், எல்லாவற்றையும். கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். சூழ்நிலையை லேசாக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "வுடு. ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தம்புள்ள தானா வளரும்னு சொல்லுவாங்க இல்ல" என்றார்.

"இதோ வளந்துகினு கீறான் பாரு, கால்ல ஊசியோட" என்றார் மாமியார்.

பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "அந்தச் சுறாப்புட்டு?"

"அதுல ஊறினதும் அங்கதான் போச்சு அத்தை" என்றேன். அவர் பையனின் நெற்றியைத் தடவிவிட்டுக்கொண்டே, "நேத்து பூரா தூங்கல நானு. பேரனை நானே கொன்னுட்டேனோன்னு" என்றார். அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை.

புட்டியின் வழவழப்பு நிஜம்தான். நோய் அங்கிருந்தே வந்திருக்கலாம். ஆனால் அந்தப் புட்டிக்கு வேலையே இல்லாமல் செய்யும் பால் என்னிடம் இருந்தது. அது தெரிந்துகொண்டே அவரை அடுப்படியில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டேன். பையன் படுத்திருந்த நாட்களில் என்னை அரித்தது இதுதான்.

இரண்டாம் நாள் மாலையில் பையன் கண்ணைத் திறந்து நன்றாகப் பார்த்தான். மார்பைத் தேடினான். அன்றிலிருந்து தேறிவிட்டான். மாமியார் எனக்குச் சோறு கொண்டுவந்து வைப்பார், துணி மடித்து வைப்பார், பேசமாட்டார். வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, நான் பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கொயந்த பொயச்சிச்சா?"

"இருக்கு அத்தை. போன்ல கேட்டேன், இன்னும் பெட்டியிலதான் இருக்கு."

"எம்மாம் எடை?"

"ஒரு கிலோவைத் தாண்டிடுச்சு."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம் இல்ல? நான் இன்னா..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். பிறகு, "இல்ல. சொல்லியிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அத நெனச்சாதான் எனக்குப் பேஜாரா கீது" என்றார். எழுந்து போகும்போது, "நாளையிலேர்ந்து ஐஸ்பொட்டிய எடுத்துகினு வா. எப்டி வெச்சிக் குடுக்கறதுன்னு சொல்லிக் குடு. புட்டி வேணாம். சங்குல ஊத்தறேன்" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். டப்பாவை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்க வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது, மிச்சம் வைத்ததைத் திரும்பக் கொடுக்கக் கூடாது. ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கால் மணி நேரத்தை நான் முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

வேலைக்குத் திரும்பியதும் வங்கி சிஸ்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா உங்ககிட்ட வாங்கியிருக்க மாட்டேனே" என்று மட்டும் சொன்னார். அது தெரிந்துதானே நான் சொல்லவில்லை.

அன்று மதியம் டப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வார்டைக் கடந்து வெளியே போக வேண்டியிருந்தது. அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டும்போது எதையோ திருடிக்கொண்டு போவதுபோல என் நடை வேகமாயிற்று. பெற்ற பிள்ளைக்குத்தான் கொண்டுபோகிறேன் என்று தெரியும். தெரிந்தும் அப்படித்தான் இருந்தது. அந்த வாரமே அந்தக் குழந்தைக்குக் கிருமித்தொற்று வந்து சில நாள் பாலை நிறுத்திவைக்க வேண்டிவந்தது. நான் கொடுப்பதை நிறுத்தியதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்லோருடைய பாலும் கலந்ததில் எந்தச் சொட்டு யாருக்குப் போனது என்றே யாருக்கும் தெரியாது. மழையும் விட்டு, வேறு தாய்மார்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். இவ்வளவும் தெரிந்த நானே தினமும் காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் ஓடினேன்.

குழந்தை மீண்டது. தாய் அதற்குள் தேறியிருந்தாள். மாத்திரையை ஒரு வேளையும் விடவில்லை. நாங்கள் சொல்லாமலே கையை நீட்டி ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்வாள். குழந்தையைச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது. தன் பாலையே முழுவதுமாகக் கொடுத்த அன்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "சிஸ்டர், இனிமே எம்பொண்ணு யாரு பங்கையும் துன்ன மாட்டா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியாக அவளைப் பார்த்தது கண் பரிசோதனைக்குக் குழந்தையைக் கொண்டுவந்தபோது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை சரியாக வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மகிழ்ச்சியில் வார்டுக்கு வந்து என் கையில் குழந்தையைக் கொடுத்தாள். பாப்பா நல்ல கனமாக இருந்தாள். என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், உனக்குக் கொயந்த கீதா? நான் கேட்டதே இல்ல பாரு."

"ஒரு பையன்."

"பெரிய பையனா?"

"இல்ல. இவளுக்குக் கொஞ்சம் மூத்தவன்."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். கணக்குப் போட்டாளா, சும்மா பார்த்தாளா, எனக்குத் தெரியவில்லை. "அந்த மழைல அம்மாம் சின்னப் புள்ளைய வூட்ல வுட்டுட்டா எங்களப் பாத்துகினு இருந்த?" என்றாள்.

"ஆமா" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவள் தன் மகளைப் பார்க்கும் பார்வையில் ஏதாவது மாறிவிடும் என்று பயமாக இருந்தது. குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த தடுப்பூசி எப்போது என்று சொல்லி அனுப்பினேன்.